ஆணியில் தொங்கிய டம்ளர்

"…ஆணியில தொங்கினுகீறதுதான் எம் பொண்ணு டம்ளரா? அதுல ஊத்துனா பாலு தித்திக்குமாம்மா?"

கன்னியம்மா இதைக் கேட்டு ஐம்பது வருஷம் இருக்கும். போன வாரம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வாசலில், டீக்கடைக்காரர் வெந்நீரில் பால் பவுடரைக் கலக்கியபோது மறுபடி காதில் ஒலித்தது. அந்த வாசனை ஒன்று போதும், என்னை எழுபதுகளுக்கு இழுத்துப்போக.

அப்போது இந்த ஆலைகள் ஏது? சவுக்குத் தோப்புதான். தோப்போரம் ஓட்டுக் கொட்டகையில் குழந்தைகளுக்கு ஒரு பால் மையம். பவுடர் கரைப்பது என் உத்தியோகம். கட்டி தட்டாமல் கரைக்கப் பழகுவதற்குள் மேலெல்லாம் கொட்டிக்கொள்வேன். "பாலு புள்ளைங்களுக்கா, உன் சட்டைக்கா நைனா?" என்பாள் கன்னியம்மா. விறகு வெட்டிப் பிழைத்த இருளர் வீட்டுப் பெண் அவள். அவள் மகள் செல்விக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். அந்தப் பால்தான் ஆகாரம்.

மையத்தை நடத்தியவர் மெட்ராஸிலிருந்து வந்த சமூக சேவகி சரசு அக்கா. ஊர்ப் பிள்ளைகளையும் இருளர் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தார். எல்லாருக்கும் ஒரே மாதிரி அலுமினிய டம்ளர். ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். விசாரிக்க வந்த அதிகாரி, இருளர் பிள்ளைகளுக்கு ஒரு டம்ளரைத் தனியாக ஒதுக்கச் சொன்னார், இல்லையென்றால் மையத்தையே மூடிவிடுவாராம். அக்கா மன்றாடிப் பார்த்தார், சண்டையும் போட்டார்.

"ஊரோட ஒத்துப் போம்மா. பால் போய்ச் சேர்ந்தா சரி" என்று அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார்.

பசித்த வயிறுகளை நினைத்து அக்கா தன் கையாலேயே அந்தத் தனி டம்ளரை மாட்டச் சுவரில் ஆணி அடித்தார். ஊர்ப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அன்றுதான் கன்னியம்மா அப்படிக் கேட்டாள். அக்கா கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

"பொறுத்துக்கினுதாம்மா கீறோம்" என்றாள் அவள்.

அன்றோடு மையத்தை மூடினார்கள், பால் நின்றது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. தோப்பும் இல்லை, இருளர் குடிசைகளும் இல்லை. செல்வி அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. தாயின் திமிர் என்றது ஊர். எனக்கு அப்படிச் சொல்ல இன்றுவரை நா எழவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

அன்று மகள் ஆணி டம்ளரில் கடைசிச் சொட்டுவரை குடிக்கட்டும் என்று கன்னியம்மா காத்திருந்தாள். முந்தானையால் மகளின் வாயைத் துடைத்தாள். பிறகு, ஊர்ப் பிள்ளைகளின் டம்ளர்கள் கழுவக் கிடந்த தொட்டியில் அந்த டம்ளரையும் போட்டு, எது யாருடையது என்று தெரியாதபடி கையால் நன்றாகக் கலக்கிவிட்டாள்.