கட்டுக்கரையில் பஸ் நின்ற கதை

இன்று மன்னார்ச் சந்தையில் விரால் மீனின் சேற்று மணம் மூக்கில் ஏறியதும், கட்டுக்கரைக் குளக்கட்டின் அடியில் ஒற்றை வரிசை வீடுகளாக நீண்டு கிடந்து, இப்போது பற்றைக்காடாகிவிட்ட எங்கள் சிற்றூர் நினைவுக்கு வந்தது. சனம் குறைவென்று அங்கே பஸ் நிற்காது. காய்ச்சல்காரரைச் சைக்கிளில் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்கு உருட்டுவோம்.

ஒருநாள் எங்கள் சனத்தொகையைப் பார்க்க டிப்போ அதிகாரி வந்தார். குடை பிடித்தபடி அவர் வயலோரப் பாதையால் வீடு வீடாக நடக்க, முதல் வீட்டில் வணக்கம் சொன்ன நாங்கள் எல்லோரும் குளக்கட்டின் தண்ணீர்ப் பக்கத்தால் குனிந்தோடி, நனைந்த உடுப்போடு அடுத்த முற்றத்தில் நின்று மறுபடி வணக்கம் சொன்னோம். கடைசி வீட்டில் அவர் றோசம்மா மாமியை உற்றுப் பார்த்தார்.

"அம்மா, உங்களை முதல் வீட்டிலயும் கண்டனான்."

"அது என்ர தங்கச்சி, ஐயா."

"நடுவிலயும் ஒராள் நிண்டவ."

"அது அக்கா," என்றார் மாமி, மூச்சு வாங்க.

அதிகாரி குடையைத் தாழ்த்திச் சிரிப்பை மறைத்தார்.

"பஸ் நிற்கும். ஆனா மூண்டு பேரும் ஒரே இடத்தில நிண்டு ஏறுங்கோ."