தாய்மாமன் வந்த நேரம்

ஆரணிப்பாளையத்தில் பட்டுத்தறி நெய்கிற சம்பந்தத்துக்கு ஊர் வைத்த பெயர் ‘தோ வந்துட்டேன்’. பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன இடத்துக்குப் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்று அவன் சொல்கிற முதல் வார்த்தை அதுதான். டீக்கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். நாற்பத்தைந்து வயதில் அந்தச் சிரிப்பு ஒரு சட்டை மாதிரி அவன் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். அவனுடைய அக்கா தனக்கோடி. வந்தவாசியில் வாழ்க்கைப்பட்டவள். ஆறு வருஷமாகத் தம்பியோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். அவளுடைய மூத்த மகள் பவித்ராவின் கல்யாணத்துக்கு, தாய்மாமன் சீராக முகூர்த்தப் புடவையைத் தன் கையாலேயே நெய்து தருவதாகச் சம்பந்தம் சொல்லியிருந்தான். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, தாய்மாமன் கையைப் பிடித்து, பெண் மணவறைக்கு வரவேண்டும். நெய்தும் விட்டான். ஆனால் முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது முந்தியில் இருந்த அன்னப்பட்சியின் கழுத்து அவன் கண்ணுக்குக் கோணலாகப் பட்டது. பிரித்தான். மறுபடி நெய்தான். சோறு, தண்ணீர், கிழமை எல்லாம் மறந்துபோயிற்று. மனைவி தெய்வநாயகி முதல் நாளே மண்டபத்துக்குப் புறப்பட்டபோது, “நீ முன்னால போ, தோ வந்துட்டேன்” என்றான். தறியை விட்டு எழுந்து அவன் மண்டபத்துக்குள் ஓடியபோது இரண்டாவது பந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கடையில் வாங்கிய ஏதோ ஒரு புடவையில் பவித்ரா தாலியோடு உட்கார்ந்திருந்தாள். தாய்மாமன் இடத்தில் யாரோ தூரத்துச் சொந்தம்.

“நெசவு செய்றவன் வூட்டுப் பொண்ணுக்குக் கடப் பொடவ” என்று சம்பந்தி வீட்டில் ஒருத்தி சொன்னதைத் தனக்கோடி காதால் கேட்டாள். தம்பி நீட்டிய புடவையை அவள் வாங்கவில்லை. “எனக்குத் தம்பி இல்ல” என்றாள். அவ்வளவுதான்.

இப்போது இளையவள் நிலாவுக்குத் தை மாதம் கல்யாணம். தாய்மாமன் சீர் செய்யப் போவது சம்பந்தத்தின் பெரியப்பா மகன் பாலமுருகன் என்று செய்தி வந்தது. அன்றைக்குச் சம்பந்தம் தறியில் உட்கார்ந்தான், ஊடை நூல் ஓட்டுகிற நாடா நகரவேயில்லை.

அதே வாரம்தான் அவன் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தெருவில் பந்தல் கட்டுவதை வேடிக்கை பார்க்கப் போய், தறிக்குழியில் தண்ணீர் நிரம்பியது. தெய்வநாயகி கத்தவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

“இன்னாங்க, இது மறதி நோயா இருக்குமோ? பயமா கீதுங்க” என்று அழுதாள்.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரி. ஆரணி டாக்டர் வேலூரில் ஒரு மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாள் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். கடைசியில் பேனாவை மூடினார்.

“இது மறதி நோய் மாதிரி தெரியல. ஏடிஎச்டின்னு ஒண்ணு இருக்கு, கவனக் குறைபாடு. சின்னப் பசங்களுக்குத்தான் வரும்னு நெனைப்பாங்க. கண்டுபிடிக்காமலே வளந்து பெரியவங்களானவங்க நெறைய பேரு. ஆனா நான் இன்னும் உறுதியாச் சொல்ல மாட்டேன். பன்னெண்டு வயசுக்கு முன்னாடியே இது இருந்திருக்கணும். அப்போ உங்களைக் கிட்ட இருந்து பாத்தவங்க யாராவது வரணும். அப்பா, அம்மா?”

“ரெண்டு பேரும் இல்லீங்க.”

“கூடப் பொறந்தவங்க?”

சம்பந்தம் தலையைக் குனிந்துகொண்டான். இந்த உலகத்தில் அவன் பிள்ளைப் பருவத்துக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி, அவனைத் தம்பியே இல்லை என்று சொன்னவள்.

தெய்வநாயகி நிலாவுக்குப் போன் செய்து, மாமா பத்து மணிக்கு வருவார் என்று சொல்லி வைத்தாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, அக்காவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று நெய்து நெய்து பிரித்துக்கொண்டிருந்த சம்பந்தம், வந்தவாசி வந்ததைப் பார்க்கவில்லை. திண்டிவனம் போகிற பஸ் அது. தெள்ளாரில் கண்டக்டர் இறக்கிவிட்டார். எதிர் பஸ் பிடித்து அக்கா வீட்டு வாசலில் நின்றபோது மணி ஒன்று.

தனக்கோடி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஏண்டி நிலா, மன்னிப்பு கேக்கறதுக்குக் கூட உங்க மாமனுக்கு மூணு மணி நேரம் லேட்டாகுமா?”

“மன்னிப்பு கேக்க வரலக்கா” என்றான் சம்பந்தம். நெய்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே கொட்டினான்.

முறம் நின்றது.

“ஓகோ! பண்ணதுக்கெல்லாம் இப்போ நோவுன்னு பேரு வச்சிகினு வந்துட்டியா? வரேன்டா. கண்டிப்பா வரேன். சின்ன வயசுலருந்து உன் லட்சணம் இன்னான்னு கேக்கறாங்களா? நான் சொல்றேன். ஒண்ணு வுடாம சொல்றேன்.”

சொன்னபடியே வந்தாள். வேலூரில் அந்தச் சின்ன அறையில் தம்பி பக்கம் திரும்பாமல், டாக்டரைப் பார்த்தபடி உட்கார்ந்து, குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் ஆரம்பித்தாள்.

“ரேஷன் கடைக்கு மண்ணெண்ண வாங்க அனுப்பினா, சாயந்தரம் கமண்டல நதியில நூல் அலசறத வேடிக்க பாத்துகினு நிப்பான். கார்டு தண்ணில மெதக்கும். டாக்டரம்மா, அது ஒரு நாள் இல்ல.”

“அப்போ என்ன வயசு?”

“எட்டு. இஸ்கூல்ல வாத்தியார் கேள்வி கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்லுவான், அதுக்கும் அடி. வூட்டுப்பாடம் ஒரு நாள் எழுதுனதில்ல. நான்தான் எழுதுவேன். என் கையெழுத்து தெரிஞ்சிடக் கூடாதுன்னு எடது கையால எழுதுவேன்.”

சம்பந்தம் சட்டென்று நிமிர்ந்தான். அது அவனுக்குத் தெரியாது. எழுதியிருந்த நோட்டு பையில் இருக்கும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

“சட்ட பொத்தான் நான் போடணும். சிலேட்டு நான் எடுத்து வைக்கணும். முழங்கையப் புடிச்சிகினு இஸ்கூல் வாசல் வரைக்கும் நடக்கணும். வுட்டா வழியில நாய்க்குட்டி, பம்பரம், எதுனா ஒண்ணு போதும். ஆனா பிடிச்சதுன்னா ஒரே எடத்துல ஒக்காருவான். தறியில ஒக்காந்தா இடி வுழுந்தாலும் கேக்காது. அதான் எனக்கு ஆத்திரம்! மனசு இருந்தா செய்யறான் இல்ல? அப்போ என் விஷயத்துல மனசு இல்லன்னு தான அர்த்தம்?”

“நீங்க எப்போ வரைக்கும் கையப் புடிச்சிட்டு போனீங்க?” என்றார் டாக்டர்.

“எனக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும். அவனுக்குப் பதிமூணு. அதுக்கப்புறம்தான் அந்தப் பையன் கெட்டுப் போயிட்டான்னு ஊரே...”

தனக்கோடியின் குரல் அங்கே தடுக்கி நின்றது. அவள் மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தை அப்போதுதான் பார்த்தாள். பக்கவாட்டில் நரைத்திருந்தது. சட்டையில் இரண்டாவது பொத்தான் மூன்றாவது துளையில் இருந்தது.

“கெடல டாக்டரம்மா” என்றாள். “புடிச்சிகினு இருந்த கை போயிடுச்சி.”

சம்பந்தம் அழுதான். டாக்டர் முன்னால், அக்கா முன்னால், வெட்கமில்லாமல், எட்டு வயதுப் பையன் மாதிரி அழுதான். இத்தனை வருஷமும் அவன் தன்னைப் பற்றி நம்பியிருந்தது ஒன்றுதான்: எனக்குப் பொறுப்பு கிடையாது, நான் அன்பு இல்லாதவன். ஊரும் அதைத்தான் சொன்னது. அது பொய்யாகவும் இருக்கலாம் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை.

தனக்கோடி லேசில் இறங்குகிறவள் இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்: “அப்போ மண்டபத்துல எனக்கு ஆன அவமானத்துக்கு யாருதான் காரணம்? யாரும் இல்லியா?”

“அவமானம் நெஜம்மா. அத இல்லன்னு யாரும் சொல்லல” என்றார் டாக்டர். “உங்கள மதிக்காம செஞ்சாருன்றதுதான் நெஜம் இல்ல. அன்பு இருந்துதான் அந்த முந்தியப் பிரிச்சி நெய்தாரு. அந்தப் பக்கம் மணி ஓடினது அவருக்கு உறைக்கல. இவங்களுக்கு நேரம்னா ரெண்டுதான். இப்போ, அப்புறம். நடுவுல ஒண்ணும் கெடையாது.”

ஏடிஎச்டிதான் என்று உறுதியாகச் சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரை கொஞ்சம் உதவும், மீதியை நீங்கள்தான் பழக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்றார். அலாரம், சுவரில் எழுதிப் போடுவது, வேலை செய்யும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பது என்று சொன்னார்.

பஸ் நிலையத்தில் தனக்கோடி திரும்பி நின்றாள். “பாலமுருகனுக்குச் சொன்னது சொன்னதுதான். கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னாடி நீ பொடவையோட வந்து நின்னா பாக்கலாம். இல்லன்னா அவன்தான்.”

கார்த்திகையில் நிலாவின் புடவைக்குத் தறியில் பாவு நூல் ஏற்றினான். தறிக்கு எதிரில் தெய்வநாயகி காய் நறுக்கினாள், துணி மடித்தாள், சும்மாவும் உட்கார்ந்தாள். சில நாள் சண்டை வந்தது. ஒரு நாள் அலாரத்தை அணைத்துவிட்டு, அது எதற்காக அடித்தது என்று மறந்தான். இரண்டு தடவை மாத்திரையே மறந்தான். முந்தியில் பூ ஒன்று கோணலாகத் தெரிந்தபோது கை கத்தரிக்கோலுக்குப் போனது. “ஏங்க” என்றாள் தெய்வநாயகி, ஒரே வார்த்தை. கை திரும்பி நாடாவுக்கு வந்தது. அந்தக் கோணல் பூவோடேயே புடவை தறியிலிருந்து இறங்கியது.

நிலாவின் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை, சமையல்காரருக்குப் பாத்திரம் காட்டுவதற்காகத் தனக்கோடி மண்டபத்துக்கு வந்தாள். உள்ளே வேறு யாருடைய கல்யாணமோ நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசை நாற்காலியில், மடியில் ஒரு மஞ்சள் பையை இரண்டு கையாலும் அணைத்தபடி, சம்பந்தம்.

“டேய்! இது யார் கல்யாணம்டா?”

“தெரியலக்கா. பந்தியில ஒக்கார வச்சிட்டாங்க. சாம்பார் நல்லா கீது.”

“நாளன்னைக்குத்தானடா கல்யாணம்! இன்னிக்கே இன்னாத்துக்கு வந்தே? மறுபடியும் குழப்பிகினியா?”

“குழப்பலக்கா. நாள் தெரியும்” என்றான் சம்பந்தம். “எனக்கு ‘இப்போ’தான் தெரியும், ‘அப்புறம்’ தெரியாது. நாளைக்குக் கெளம்பலாம்னு வச்சா அது அப்புறத்துல வுழுந்துடும். அதான் இன்னிக்கே இப்போன்னு வந்துட்டேன். கல்யாணம் வர்ற வரைக்கும் இங்கயே இருந்துக்கறேன்.”

தனக்கோடி பையை வாங்கிப் பிரித்தாள். முந்தியைத் தடவிய விரல், ஓர் இடத்தில் நின்றது.

“இந்தப் பூ கோணலா இல்ல?”

“ஆமாக்கா. வுட்டுட்டேன்.”

அவள் அந்தப் பூவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. பிறகு புடவையை மடித்துப் பையில் வைத்து அவனிடமே கொடுத்தாள்.

“நீயே எடுத்துகினு வா. தாய்மாமன் கையிலதான் இருக்கணும். பாலமுருகனுக்கு நான் சொல்லிக்கறேன்.”

வாசலைத் தாண்டியதும் எதிர்க் கடையில் ஒருவன் பலூன் ஊதிக்கொண்டிருந்தான். சம்பந்தத்தின் நடை தானாகவே மெதுவானது. தனக்கோடி பழைய பழக்கம்போல் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.