உப்பு குடித்த சுவர்

காலை பத்து மணி நாற்பது நிமிடம். ஆம்பூரில் நான் படித்த பள்ளியின் நிலவறைக்குப் படியிறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, புது மஞ்சள் பெயின்டில் முழங்கால் உயரத்தில் ஓடிய மெல்லிய வெள்ளைக் கோடு. திறப்பு விழாவுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சக்கரம் வைத்த மேசைகள், மடக்கித் தள்ளும் தடுப்புகள், தரையில் உருண்டை மெத்தைகள். இத்தனையையும் விட்டுவிட்டுச் சுவரின் அடியைப் பார்ப்பவனைப் பத்திரிகைக்காரன் என்று சொல்லலாம். விழாவுக்குக் கூப்பிடக் கூடாதவன் என்றும் சொல்லலாம்.

சுற்றிக் காட்டிய இன்ஜினியர் இளைஞர். "ஸ்டூடன்ட்ஸ் கூடம் சார். காலைல கிளாஸ், மத்தியானம் டிபேட், எப்படி வேணா மாத்திக்கலாம்" என்றார். கோட்டைக் காட்டினேன். "அது டஸ்ட் சார், தொடச்சிடுவாங்க." விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அவர் முகம் போன போக்கில், இனி எனக்கு எதையும் விளக்கப்போவதில்லை என்று தெரிந்தது.

புதுப் பெயின்ட் வாசனை எங்கே வந்தாலும் என் கை தானாக முழங்காலுக்குப் போகும். பத்தாம் வகுப்பில் அங்கே ஒட்டிய நீல எனாமலை மண்ணெண்ணெய் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். அதுவும் இந்த அறையில் ஒட்டியதுதான்.

இந்தக் கட்டடம் பள்ளியாவதற்கு முன்பு தோல் மண்டியாக இருந்தது. நிலவறையில் பச்சைத் தோலுக்கு உப்புத் தடவி அடுக்கிவைப்பார்களாம். எங்கள் காலத்தில் உடைந்த பெஞ்சுகள் கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு உட்காரலாம் என்று முதலில் நினைத்தவன் ரஃபீக்.

அவன் உருது மீடியம், நான் தமிழ் மீடியம். தனித்தனி மாடி, தனித்தனி இடைவேளை. சிநேகம் பிடித்தது தண்ணீர்க் குழாயடியில். ஒருமுறை, அவனுக்குக் கொடுத்த என் கணக்கு நோட்டைத் திரும்ப வாங்க அவன் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அவன் அம்மாவும் இரண்டு அக்காக்களும் ஷூ கம்பெனியிலிருந்து வாங்கிவந்த அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்பாகத் தோலை, கையால் தைத்துக்கொண்டிருந்தார்கள். தரையே தெரியவில்லை. "பாத்து கால் வைப்பா, லெஃப்ட்ட மிதிச்சா ரைட்டு கோச்சிக்கும்" என்றாள் மூத்த அக்கா.

"நீ எங்கடா ஒக்காந்து படிப்ப?" என்று கேட்டேன்.

"ஒக்கார்றதா? செவுத்துல சாஞ்சி நின்னுக்குவேன்."

அவன் அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் உப்புக் கிடங்கு வேலை. கணக்கில் ஃபெயிலானால் ஜூன் மாதத்திலிருந்து மகனும் தன்னோடுதான் என்று சொல்லிவிட்டார். ரஃபீக்குக்குத் தேவைப்பட்டது ஒரு விளக்கும் உட்கார ஓர் இடமும்.

ஹெட்மாஸ்டரிடம் போனோம். தேவை அவனுடையது, பேச்சு என்னுடையது. "ஸ்கூல் விட்டு ஏழு மணி வரைக்கும். ஒரு நிமிஷம் ஜாஸ்தி ஆனாலும் பூட்டிடுவேன்" என்று சாவியைக் கொடுத்தார்.

பலகைகளைச் செங்கல் மேல் போட்டது ரஃபீக்கின் யோசனை. படிக்க வரிசையாக, பேச வட்டமாக, மழைநீர் கசிந்தால் இன்னொரு செங்கல் உயரமாக. சக்கரம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு மீடியம் பையன்களும் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். ரஃபீக் தினமும் ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தேறிவிட்டான்.

பிறகு, நிர்வாகக் குழு பார்வையிட வருகிறது என்றார்கள். சுவர் அழகாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றியதை மற்றவர்களைச் செய்யவைக்கும் வாய் அப்போதே இருந்தது.

"வேணாண்டா. இது உப்பு குடிச்ச செவுரு. இன்னாத்த பூசினாலும் துப்பிடும்" என்றான் ரஃபீக்.

"நீ இன்னா மேஸ்திரியா?"

"மேஸ்திரி இல்ல. எங்கப்பா சட்டைய தெனம் தோய்க்கிறவன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மாமா வீட்டில் மீந்த நீல எனாமல் வந்துசேர்ந்தது. ரஃபீக்கும் பிரஷ் எடுத்து என்னைவிட நேராக அடித்தான்.

குழு வந்த அன்று சுவர் கொப்பளித்திருந்தது. ஒரு பெரியவர் கொப்பளம் ஒன்றைக் குடை நுனியால் தொட்டார். போர்வை அகலத்துக்கு நீலம் உரிந்து விழுந்தது. பின்னாலிருந்து ஈர உப்பும் பழைய தோலின் நாற்றமும் வந்தன. அந்த நாற்றத்தில் சம்பாதித்து வளர்ந்த குடும்பத்துக்காரர்கள் அத்தனை பேரும் கைக்குட்டையை எடுத்தார்கள். "பசங்க ஒடம்புக்கு ஆவாது" என்றார் பெரியவர். மறுநாள் பூட்டு தொங்கியது. வெறும் சுவராக விட்டிருந்தால் யாரும் அதைத் தொட்டிருக்கமாட்டார்கள்.

பொதுத் தேர்வில் ரஃபீக்குக்குக் கணக்கு போயிற்று. ஜூனில் உப்புக் கிடங்குக்குப் போனான். நான் வாணியம்பாடியில் கல்லூரி முடித்து வேலூரில் பத்திரிகை வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே லாங் பஜாரில் எப்போதாவது எதிர்ப்படுவான். விரலிடுக்குகளை உப்பு அரித்திருந்தது. கை கொடுக்கமாட்டான், தோளால் இடிப்பான். அன்றைக்குச் சொன்னேனே என்று ஒருநாளும் கேட்டதில்லை. "இன்னா எடிட்டரே, செவுரு காஞ்சிச்சா?" என்பான், அவ்வளவுதான். நான் எடிட்டர் ஆகவேயில்லை. அதைத் திருத்தியதுமில்லை, அவனுக்குப் பதில் சொன்னதுமில்லை. டீ வாங்கிக் கொடுப்பேன்.

அந்த டேனரி மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. அவன் வீடு இருந்த வரிசையில் இப்போது கார்கள் நிற்கின்றன. நாட்றம்பள்ளிப் பக்கம் போய்விட்டான் என்றார் ஒருவர், பெங்களூரு என்றார் இன்னொருவர். விழா நடக்கும்போதே வெள்ளைக் கோட்டைப் படமெடுத்து, என்னிடமிருந்த அவனுடைய எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'இன்னும் காயலடா' என்று கீழே எழுதினேன். ஒற்றை டிக் விழுந்தது. இதை எழுதும்போதும் ஒற்றை டிக்தான்.

ரிப்பன் வெட்டியதும் பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். இப்போது பெண்களும் படிக்கிறார்கள். ஒரு சிறுமி மேசையொன்றைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "மிஸ், சாயந்தரம் இங்க ஒக்காந்து படிக்கலாமா?" என்று கேட்டாள்.

"அதான் போர்டு மாட்டியிருக்கே, பாரு" என்றார் ஆசிரியை.

நானும் பார்த்தேன். கூடம் திறந்திருக்கும் நேரம்: காலை 10 முதல் மாலை 3.30 வரை.

பள்ளி விடுவது நான்கு மணிக்கு.