லைனிங் இல்லாத கையுறை

ஆம்பூர்த் தோலைத் தாண்டிக் குளிர் வராது என்று மனதார நம்பினேன். இருபது வருடம் தோல் தொழிற்சாலையில் தேய்ந்தவனின் திமிர் அது. நண்பன் தைத்த சாம்பிள் கையுறையின் வெளிப்புறத்தைத் தடவி, தோல் நயம் என்று மாட்டிக்கொண்டேன், உள்ளே பார்க்கவில்லை.

மார்கழி விடியலில், என்னைவிட மூன்று மடங்கு கனமான அட்வென்ச்சர் பைக்கில் ஏலகிரியிலிருந்து இறங்கினேன். கைகள் மரத்தன. மாரடைப்பு என்று முடிவுகட்டி, தெரிந்த சாமிகளோடு பக்கத்துத் தெரு தர்காவையும் கூப்பிட்டேன்.

கூடவே இன்னொரு பைக்கில் இறங்கிக்கொண்டிருந்த அந்த நண்பன் நெருங்கி வந்து, என் கையைப் பார்த்துக் கத்தினான்: "யோவ், அதுல லைனிங்கே இல்லய்யா! வண்டிய ஓரங்கட்டு!"

ஓரங்கட்ட பிரேக் பிடிக்க வேண்டும். விரல்கள் மடங்கவில்லை. வளைவில் சரிந்த வண்டி என் காலின்மேல் விழுந்தது.

இதயத்துக்கு ஒன்றுமில்லை. நொறுங்கிய கணுக்கால் இன்றுவரை மடங்குவதில்லை.