நேந்துவிட்ட கிடா

குவைத்தில் ஆட்டுக்கு வால்தான் பெரிது. தலையணை மாதிரி தொங்கும். நான் ஆடு பார்க்கும் பட்டிக்கு முதலாளி காலையில் வந்ததும் அதைத்தான் கையில் தூக்கிப் பார்ப்பார். பிடித்திருந்தால் 'சமீன்' என்பார். கொழுத்தது என்று அர்த்தம். அவ்வளவுதான் அந்த வார்த்தை. பார்லியைப் போடு, கொழுக்க வை, பக்ரீத் பெருநாளைக்கு அறு.

நம் பக்கம் 'நேந்துவிட்டது' என்போம். நான் விமானம் ஏறிய வாரம், நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று என் மனைவி பாண்டியம்மா எங்கள் சாமி கருப்பனுக்கு ஒரு கிடாக்குட்டியை நேர்ந்துவிட்டாள். அதைக் கட்டக்கூடாது, விற்கக்கூடாது. சமயநல்லூர் டீக்கடையில் அதற்கு பன் உண்டு. காய்கறிக்கடையில் தக்காளியைத் தின்றாலும் அடிக்கமாட்டார்கள். "சாமி கிடாய்யா, விடு" என்பார்கள். நம் வீட்டில்தான் படுக்கும். ஆனால் நம்முடையது இல்லை. அதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம்.

நான் வராமல் வெட்டவும் முடியாது. வருஷக்கணக்காக லீவு இல்லை. பாண்டியம்மா போனில் கத்துவாள்: "கன்னுக்குட்டி கணக்கா நிக்குது. கதவ முட்டிப் பேத்துருச்சு. நீங்க வாரீகளா, இல்ல அதுக்கு ஒரு பாஸ்போர்ட் எடுக்கவா?"

பெருநாள் நல்லபடியாக முடிந்தால் போகலாம் என்றார் முதலாளி.

பெருநாள் காலை. வெள்ளை அங்கியில் விருந்தாளிகளோடு நின்றார். அறுக்கிறவர் கத்தியோடு தயார். இருப்பதிலேயே பெரிய ஆட்டைப் பிடித்து வந்தேன். ஊர்ப் பழக்கம், கை தானாக அதன் முதுகில் தண்ணீரை ஊற்றிவிட்டது. எங்கள் ஊரில் தண்ணீர் பட்டதும் கிடா உடம்பை உதறவேண்டும். துலுக்குவது என்போம். அதுதான் சாமி உத்தரவு. துலுக்காமல் வெட்டமாட்டார்கள்.

"யல்லா, யல்லா" என்றார் முதலாளி. சீக்கிரம் என்று அர்த்தம். நான் கையை நீட்டிக் கத்திக்காரரைத் தடுத்தேன். அழுக்கைக் கழுவுகிறேன் என்று நினைத்து, துண்டு கொண்டுவரச் சொன்னார். ஆடு துலுக்கியது. அங்கியெல்லாம் தண்ணீர். லீவு போச்சு என்று நினைத்தேன்.

"என்ன இது?"

"ஆடு சரி சொல்லிருச்சு" என்றேன், தெரிந்த அரபியில்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆடே சரி சொன்ன பிறகு நான் என்ன சொல்ல? போ உன் ஊருக்கு."

அன்றே போன் போட்டேன். "வாரேன்." அந்தப் பக்கம் குலவைதான் கேட்டது.

ஊரில் கருப்பன் கோயிலில் கூட்டம். மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். கிடா அசையவில்லை. கழுத்து மாலையைத் தின்றது. மறுபடி ஊற்றினேன். நின்றது. பாண்டியம்மா முகம் சுண்டிப்போயிற்று. "ஏதோ குறை இருக்கு" என்றது ஒரு குரல்.

"மாமா, அதுக்கு உங்கள யாருன்னே தெரியல" என்றான் மச்சினன். "ஏதாச்சும் பேசுங்க."

என்ன பேச? வருஷக்கணக்காக ஆட்டிடம் பேசிய பாஷைதான் வாயில் வந்தது.

"யல்லா!"

கிடா தலை முதல் வால் வரை துலுக்கியது. குலவை கிளம்பியது.

"யாரக் கூப்புட்டீக?" என்றாள் பாண்டியம்மா, சிரிப்பும் கண்ணீருமாக. என் சட்டையெல்லாம் மஞ்சள் தண்ணீர். பையில் நனைந்திருந்த, குவைத்துக்குத் திரும்பிப் போகும் டிக்கெட்டை எடுத்து முந்தானையில் ஒற்றினாள். மஞ்சள் போகவில்லை.