பாட்டு வந்த பிறகு

அண்ணனும் நானும் பேச்சை விட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தபோது, ஒரு பழைய இசைக்குழுவின் ரசிகர்கள் நடத்திய செல்போன் குரூப்பில் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தோம். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. என்னைச் சேர்த்துவிட்டவர் நான் கணக்கு நடத்தும் பள்ளியின் ஓவிய ஆசிரியர். அண்ணனை யார் சேர்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியலைத் தள்ளிக்கொண்டே வந்தேன். எல்லாம் வெறும் எண்களாக இருந்த இடத்தில், நடுவில் ஒன்று மட்டும் ‘அண்ணன்’ என்று நின்றது. அந்த எண்ணை நான் அழிக்கவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த இசைக்குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் நாலு பையன்கள், கல்லூரி முடித்த கையோடு கிடாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு தாங்களே எழுதித் தமிழில் பாடினார்கள். சினிமாவுக்குப் போகவில்லை. மூன்று கேசட் போட்டார்கள். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டார்கள். கேசட் கம்பெனியும் மூடிப்போனது. அண்ணன் அப்போது போர்வெல் ரிக் லாரியில் வடக்கே போய் வந்துகொண்டிருந்தார். ஒரு முறை ஊர் திரும்பும்போது சேலம் பஸ் ஸ்டாண்டு கடையில் அட்டைப்படம் நன்றாக இருக்கிறதே என்று முதல் கேசட்டை வாங்கி வந்தார். புதுச்சத்திரத்தில் எங்கள் கோழிப்பண்ணையின் தீவன ரூமில் வைத்துத்தான் கேட்போம். வீட்டில் போட முடியாது. “இது பாட்டா, வயித்து வலியா?” என்பார் அப்பா. தீவன மூட்டை மேல் உட்கார்ந்து, மூக்கில் தவிட்டுத் தூசி ஏற, ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டோம். ரிக் லாரியில் இருந்த பிளேயர் ஒவ்வொரு கேசட்டாகச் சிக்கவைத்துத் தின்றது. நான் கல்யாணமாகிச் சூரமங்கலம் வரும்போது மிச்சமிருந்த ஒன்றை அண்ணன் என் பெட்டியில் வைத்தார். அதுவும் சில வருஷத்தில் பூஞ்சை பிடித்துப் போனது.

பேச்சு நின்றதற்குக் காரணம் நிலம். அப்பா போன பிறகு, எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிய பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை.

“ஏனுங்ணா, எனக்கும் அதுல ஒரு பங்கு வேணுங்ணா” என்றேன்.

அண்ணன் கோபப்படவில்லை. சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு சொன்னார்: “வாங்கிக்க அம்மிணி. ஆனா பங்கு வாங்குன பொறகு உனக்குப் பொறந்த ஊடு இல்ல.”

வழக்கு நடந்தது. என் பங்கு வந்தது. கேட்டது தப்பு என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அண்ணனும் தான் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

குரூப்பில் ஒரே பேச்சுதான். அந்த மூன்று கேசட்டுப் பாட்டுகளும் இணையத்தில், பாட்டு விற்கும் கடைகளில், எப்போது வரும்? எல்லாப் பழைய பாட்டும் போனுக்குள் வந்துவிட்டது. இவர்களுடையது மட்டும் வரவில்லை. கம்பெனி முதலாளியின் வாரிசுகள் அடித்துக்கொள்கிறார்கள் என்றார் ஒருவர். அசல் டேப்பைக் கரையான் அரித்துவிட்டது என்றார் இன்னொருவர். பாடகர் வெளிநாட்டிலிருந்து கையெழுத்துப் போட வந்துவிட்டார் என்று ஒரு நாள் கிளம்பியது. யாரோ விமான நிலையத்தில் எடுத்த மங்கலான போட்டோவை அனுப்பினார்கள். தலையில் முடி இல்லாத ஒரு ஆள் டிராலி தள்ளிக்கொண்டு போனார். அது அவர்தானா இல்லையா என்று இரண்டு நாள் சண்டை.

எல்லோரையும் விட நம்பிக்கையானவர் ஜலகண்டாபுரத்துக்காரர். பவர்லூம் போட்டிருந்தார். எழுதமாட்டார், குரலாகப் பேசித்தான் அனுப்புவார். பின்னால் தறி ஓடும் சத்தத்தில் பாதி கேட்காது. “ஏனுங்க, என்ற மச்சினன் பெங்களூர்ல பாட்டு ஏத்துற கம்பெனியிலதான் இருக்கறானுங்க. பொங்கலுக்குக் கண்டிப்பா வருதுங்க” என்பார். பொங்கல் போகும். “சித்திரைக்குங்க” என்பார்.

நான் முதல் தடவை எழுதியபோது, இரண்டாவது கேசட்டில் பாட்டுகள் எந்த வரிசையில் வரும் என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஓவிய ஆசிரியர் என்னை மேடம் என்று கூப்பிட, எல்லோரும் மேடம் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணனிடமிருந்து ஒரு வரி வந்தது. “மேடம் சொல்வது சரி. ஆனால் கடைசி இரண்டும் இடம் மாறி இருக்கும்.”

பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ‘மேடம்’ எங்கோ போய்க் குத்தியது. சரிபார்க்க வழியில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். “ஆமாம் சார், மாற்றிச் சொல்லிவிட்டேன்” என்று எழுதினேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் எனக்கு சார், நான் அவருக்கு மேடம். நாங்கள் அண்ணன் தங்கை என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தனியாக ஒரு வார்த்தை அனுப்பியதில்லை, இரண்டு பேருமே. ஆனால் வதந்தி ஒன்று கிளம்பினால் போதும், நான் நம்புவேன், அவர் மறுப்பார். பேச்சு வளரும். ஒரு பாட்டின் ஆரம்பத்தில், கிடார் தொடங்கும் முன், யாரோ அடக்க முடியாமல் சிரிக்கிற சத்தம் கேசட்டில் இருந்தது. தீவன ரூமில் அந்தச் சிரிப்புக்காகவே திரும்பச் சுற்றிப் போடுவோம். “புதுசாகப் போடுகிறவர்கள் சுத்தம் பண்ணுகிறேன் என்று அந்தச் சிரிப்பை வெட்டிவிடக்கூடாது” என்று அண்ணன் எழுதினார். “வெட்டினால் நானே கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் விடுவேன் சார்” என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று உறைத்தது. அழிக்கலாமா என்று பார்ப்பதற்குள் அவர் படித்துவிட்டிருந்தார்.

ராத்திரிதான் பதில் வந்தது: “மேடம் செய்தாலும் செய்வார்.” மற்றவர்கள் சிரிக்கிற பொம்மைகளைப் போட்டார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டு எழுதினாரா என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்திருப்பார் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் எனக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. போனைத் தொடவில்லை. வலி கொஞ்சம் அடங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி குரூப்பைத் திறந்தேன். அண்ணன் எழுதியிருந்தார்: “சூரமங்கலத்து மேடத்தைக் கொஞ்ச நாளாகக் காணோம். யாராவது விசாரியுங்கள்.” என் கணவர் கஞ்சி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவர் என் கண்ணைப் பார்த்துப் பயந்துவிட்டார். “வலிக்குதா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். சாயங்காலம் ஜலகண்டாபுரத்துக்காரர் போன் பண்ணினார்.

“எப்படி இருக்கறீங்க மேடம்? புதுச்சத்திரத்துக்காரரு எனக்கு ரெண்டு மூணு தடவ கூப்புட்டுட்டாருங்க, என்னனு கேளுங்கனு. நல்ல மனுசனுங்க.”

“நல்லாயிட்டேனுங்க. அவருகிட்டச் சொல்லிருங்க” என்றேன்.

பாட்டு வந்தால் ஏதோ நடக்கும் என்று அப்போதிருந்து நினைக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு அண்ணன் சும்மா இருக்கமாட்டார், நேரே போன் பண்ணிவிடுவார் என்று. இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. குரூப்பில் உலவிய மற்ற வதந்திகளைப் போல இது என் பங்குக்கு ஒரு வதந்தி. எனக்கு நானே கிளப்பிக்கொண்டது.

பாட்டு வந்தது. பொங்கலுக்கும் இல்லை, சித்திரைக்கும் இல்லை, யாரும் எதிர்பார்க்காத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. ஜலகண்டாபுரத்துக்காரர் தறியை நிறுத்திவிட்டுப் பேசினார் போல, முதல் தடவையாக அவர் குரல் தெளிவாகக் கேட்டது. “வந்துருச்சுங்க! மூணும் வந்துருச்சுங்க!” அழுகிற மாதிரி இருந்தது. மத்தியான இடைவேளையில் ஆசிரியர் அறையில் காதில் மாட்டிக்கொண்டு நேரே அந்தப் பாட்டுக்குப் போனேன். சிரிப்பு இருந்தது. கேசட்டில் கேட்டதைவிடத் தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பது போல. “சிரிப்பு இருக்கிறது சார்” என்று எழுதினேன்.

அண்ணன் கட்டை விரல் பொம்மையைப் போட்டார். அவ்வளவுதான்.

அன்று முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வகுப்பிலும் மேஜை மேல் நிமிர்த்தி வைத்திருந்தேன். மறுநாளும் போன் வரவில்லை. மூன்று கேசட்டுப் பாட்டையும் போனில் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே சமைத்தேன். பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வருமா வராதா என்று கேட்பதற்கு இனி என்ன இருக்கிறது? ஒரு வாரம் எல்லோரும் கொண்டாடினார்கள். அப்புறம் குரூப்பில் காலை வணக்கப் படங்கள் வந்தன, மனை விற்பனை வந்தது, கட்சிச் சண்டை வந்தது. ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொண்டார்கள். ஒரு நாள் பட்டியலைத் திறந்து தேடினேன். ‘அண்ணன்’ இல்லை.

அன்று சாயங்காலமே புதுச்சத்திரம் வீட்டுக்குப் போன் பண்ணினேன். எடுத்தது நங்கையா. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“நாந்தானுங்க நங்கையா. அண்ணன் இருக்கறாருங்களா?”

“பண்ணையில இருக்கறாருங்க. வந்தாச் சொல்றனுங்க” என்றார். என்னை விட மூத்தவர். என்னை வா, போ என்றே பேசியவர். அந்த ‘ங்க’வைக் கேட்டபோதே அண்ணன் கூப்பிடமாட்டார் என்று புரிந்துவிட்டது. கூப்பிடவில்லை.

இந்த ஆவணி மாதம் ஜலகண்டாபுரத்துக்காரர் மறுபடி போன் பண்ணினார்.

“மேடம், நம்ம புதுச்சத்திரத்துக்காரரு பையனுக்குக் கல்யாணமுங்க. நேர்ல வந்து பத்திரிகை வெச்சாருங்க. உங்களுக்கும் வெச்சிருப்பாரே? என்ற கார்லயே போயிறலாமுங்க, நீங்களும் உங்க ஊட்டுக்காரரும் சூரமங்கலத்துல ஏறிக்கங்க.”

அடுப்பில் பால் இருந்தது. அதை இறக்கி வைத்தேன். “எனக்கு வெக்கலீங்க” என்றேன்.

“அட, விட்டுப் போயிருக்குமுங்க. நான் ஒரு வார்த்த சொல்றேன்.”

“வேண்டாங்க. அவரு எங்க அண்ணனுங்க. கூடப் பொறந்தவரு.”

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு, “சாமி...” என்றார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கல்யாணத்தன்று பள்ளிக்குப் போனேன். பத்தாம் வகுப்புக்குத் தேர்வு வைத்தேன். சாயங்காலம் ஜலகண்டாபுரத்துக்காரர் போன் பண்ணினார். தயங்கித் தயங்கி, “போயிட்டு வந்தேனுங்க” என்றார். பொண்ணு எப்படி என்று கேட்டேன். நல்ல களையான பொண்ணு, நாமக்கல்லில் படித்ததாம். கூட்டமா என்று கேட்டேன். மண்டபம் கொள்ளவில்லையாம். மாப்பிள்ளைப் பையன் யார் மாதிரி இருக்கிறான் என்று கேட்டேன். நான் பார்த்தபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்றார்.

“அண்ணன் எப்படி இருக்கறாருங்க?”

“ஆளு மெலிஞ்சுட்டாருங்க. சக்கரை இருக்குதாமா. பந்தியில எல்லாருக்கும் அவரே நின்னு எல போட்டாருங்க.”

“தலைக்குச் சாயம் அடிச்சிருக்கறாருங்களா?”

“இல்லீங்க. பூராவும் வெள்ளதானுங்க.”

எனக்கு அது தெரியாது. நான் கடைசியாகப் பார்த்தது கோர்ட்டு வாசலில். அப்போது காதோரம் மட்டும்தான் நரைத்திருந்தது. இன்னும் என்னென்னவோ கேட்டேன். என்ன பாயசம், நங்கையா என்ன சேலை, அப்பா போட்டோவுக்கு மாலை போட்டிருந்தார்களா என்று. அந்த மனிதர் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்து, தப்பாகச் சொல்லிவிடக்கூடாது என்பது போலப் பதில் சொன்னார். கேட்க ஒன்றும் இல்லாமல் போனபோது, “சரிங்க, வெச்சிறட்டுமாங்க?” என்றார்.

“இருங்க” என்றேன்.