"இன்னிக்கு என்ன சேதி, டீச்சர்?"

நான் பொய் சொன்னேன். தாசில்தார் முன்னால், விசாரணையில், நாக்கூசாமல் சொன்னேன். அந்தப் பொய்க்கு வேதாகமத்தையே சாக்காக வைத்தேன்!

இதை வாசிக்கும் நீங்கள் என்னை ஆலயத்தில் பார்த்திருக்கலாம். முன்வரிசையில் உட்காரும் வெள்ளைப் புடவை டீச்சர்... "ஒருநாள்கூட வேதவாசிப்பைத் தவறவிடாதவர்" என்று போதகர் பிரசங்கத்தில் என்னைத்தான் காட்டுவார். அது உண்மைதான். அதனால்தான் என் பொய் அவ்வளவு எளிதாக எடுபட்டது.

கணவர் இறந்தபின் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். மிராசுதார் தம் வீடொன்றில் என்னைக் குடிவைத்தார். பிள்ளை இல்லை, பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. விடிந்ததும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு வேதாகமத்தில் அன்றைய அதிகாரங்களை வாசிப்பேன்; ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் முடியும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வயல். மாரிமுத்து அண்ணன் மிராசுதாரிடம் குத்தகைக்கு எடுத்துப் பயிர்செய்த வயல். வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்பார்:

"இன்னிக்கு என்ன சேதி, டீச்சர்?"

அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். ஆனாலும் என் வகுப்புப் பிள்ளைகளைவிட ஒழுங்காகக் கதை கேட்டவர் அவர்தான். குடியானவன் ஒருவனின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்டு, வீண்பழியில் அவனைச் சாகவிட்டு அதை எடுத்துக்கொண்ட ராஜாவின் கதையை ஒருநாள் சொன்னேன்.

"அவனுக்காக சாட்சி சொல்ல ஒருத்தரும் இல்லீங்களா?"

"சாட்சிக்கு ரெண்டு பேர் வந்தாங்க அண்ணே. ரெண்டும் பொய்ச்சாட்சி."

"அடப் பாவிங்களா" என்றார். அன்று முழுக்க அவருக்கு வேலையே ஓடவில்லையாம்.

அப்போது ஆட்சி மாறியிருந்தது. குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்தவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் கொடி, ஊர்வலம், அடிதடி. மாரிமுத்து அண்ணனும் தம் பெயரைப் பதியச் சொல்லித் தாசில்தாரிடம் மனுக் கொடுத்தார். வயல் தம் சொந்தச் சாகுபடி, மாரிமுத்து வெறும் கூலியாள் என்று மிராசுதார் எழுதிக்கொடுத்தார். குத்தகை நெல்லுக்கு அவர் ஒருநாளும் ரசீது தந்தவரில்லை. ஊரார் பயந்துபோய் வாயைத் திறக்கவில்லை. அண்ணனுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி நான்.

அவர் வந்து கேட்டபோது "சொல்றேன் அண்ணே" என்றேன். அன்று மாலையே மிராசுதார் வீட்டு அம்மா வந்தார்கள். காபி குடித்தார்கள்.

"வீடு சௌகரியமா இருக்கா டீச்சர்? ஒண்டியா இருக்கீங்க. வேற எடம் கெடைக்கிறது கஷ்டம்."

அவ்வளவுதான்... ஓர் அதட்டல்கூட இல்லை! அதற்கே நான் ஒடுங்கிப்போனேன்.

விசாரணையில் தாசில்தார் கேட்டார். "உங்க ஜன்னல்லேருந்து வயல் தெரியுமாமே. இவர்தான் பயிர் பண்றாரா?"

"வேதம் வாசிக்க உட்கார்ந்தா நான் தலை நிமிர மாட்டேங்க. வயலைக் கவனிச்சதில்ல."

தாசில்தார் மரியாதையோடு தலையசைத்தார். பக்தியுள்ள பெண் பொய் சொல்வாளா? மாரிமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்... நான் ஏதோ வாய்தவறிச் சொல்லிவிட்டதுபோல, இதோ திருத்திச் சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பதுபோலப் பார்த்தார். நான் திருத்தவில்லை.

அடுத்த நடவுக்குள் வயல் அவர் கையைவிட்டுப் போனது. பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் உரிக்கப் போகிறார் என்றார்கள். மூட்டை முடிச்சோடு என் ஜன்னலைக் கடந்துதான் குடும்பம் போனது. நான் வேதாகமத்தைத் திறந்து வைத்திருந்தேன். வழக்கம்போலக் கேட்பார் என்று காத்திருந்தேன், வெட்கமில்லாமல்! அவர் தலை நிமிரவில்லை.

நான் ஆண்டவருக்கு உண்மையாக இருந்தேனா? அதிகாரம் தவறாமல் வாசித்ததா உண்மை? எத்தனையோ இரவு முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். பட்டுக்கோட்டைக்குத் தினமும் பஸ் போகிறது. ஒருநாளும் ஏறியதில்லை. அண்ணனிடம் கேட்க வேண்டியதை ஆண்டவரிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்... அங்கே கேட்பதுதான் எனக்குச் சுலபம்.

அதே வீட்டில்தான் இருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை அந்த ராஜாவின் கதை முறைப்படி வந்து நிற்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. போனால் வாசிப்பு தவறிவிடுமே! வாசித்து முடித்துத் தலை நிமிர்கிறேன். வயலில் யாரோ மடை திறக்கிறார்கள். என்ன சேதி என்று என்னை யாரும் கேட்பதில்லை.